“இந்த வீட்டில் துரோகி இல்லை”: வேல்ஸ் சிலேட்டுக் குவாரிகளின் மூன்று சொற்கள்

வேல்ஸ் நாட்டின் வடமேற்கில் உள்ள சிலேட்டுக் குவாரிகளையும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களையும் யுனெஸ்கோ 2021 ஜூலை 28 அன்று உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு வெளிவந்த செய்திகளிலும் பயணக் குறிப்புகளிலும் மூன்று வெல்ஷ் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: பார்கென், கபன், பிராடூர். அகராதியைப் புரட்டினால் முதலாவதற்குப் பேரம் என்றும், இரண்டாவதற்குக் குடில் என்றும், மூன்றாவதற்குத் துரோகி என்றும் பொருள் கிடைக்கும். அந்தப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு வரலாற்றைப் படிப்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். பெத்தெஸ்டா என்ற ஊரில் 1900 முதல் 1903 வரை நீடித்த வேலைநிறுத்தத்தைக் கூலி உயர்வுப் போராட்டம் என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கூலியும் அதில் ஒரு கோரிக்கைதான். ஆனால் அந்தச் சண்டையின் வேர் பார்கென் என்ற வேலைமுறையில் இருந்தது. அந்த முறை நாள்தோறும் எப்படி நடந்தது என்று தெரிந்தால், மற்ற இரண்டு சொற்களும் தாமாகவே பொருள்படும்.

கல்லும் அதன் உடைமையாளரும்

சிலேட்டு என்பது களிமண் படிவுகள் நிலத்துக்கடியில் பெரும் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ளாகி இறுகியதால் உண்டான பாறை. ஒரு குறிப்பிட்ட திசையில் உளியை வைத்துத் தட்டினால் அது ஏடு ஏடாகப் பிளக்கும். பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகிய சிலேட்டுப் பலகையும் இந்தக் கல்தான். என்றாலும் வேல்ஸில் பெரும்பகுதி கல் வெட்டப்பட்டது கூரைக்காக. தொழிற்புரட்சியின்போது பிரிட்டனில் வரிசை வரிசையாக எழுந்த தொழிலாளர் வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் தீப்பிடிக்காத, நீர் இறங்காத, இலேசான கூரை தேவைப்பட்டது. 1890களில் இந்தத் தொழிலில் ஏறத்தாழ 17,000 பேர் வேலை செய்தார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம் டன் சிலேட்டு வெளியே போனது.

குவாரிகளுள் இரண்டு மிகப் பெரியவை. ஒன்று லான்பெரிஸ் ஊருக்கு எதிரே, பெரிஸ் ஏரிக்கு மேலே மலைச்சரிவில் அமைந்த டினோர்விக். மற்றொன்று பெத்தெஸ்டாவுக்கு அருகில் உள்ள பென்ரின். பென்ரின் குவாரியை 1780களில் பெரிய அளவில் வளர்த்தவர் ரிச்சர்ட் பென்னன்ட். அவருடைய செல்வம் ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பில் நடந்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. நாடாளுமன்றத்தில் அடிமை வாணிப ஒழிப்பை எதிர்த்துப் பேசியவர்களில் அவரும் ஒருவர். 1830களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, அவருடைய வாரிசான ஜார்ஜ் ஹே டாக்கின்ஸ்-பென்னன்ட்டுக்கு 764 பேரை விடுவித்ததற்கான இழப்பீடாக 14,683 பவுண்டு கிடைத்தது. விடுவிக்கப்பட்டவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதே காலத்தில் அந்தக் குடும்பம் பாங்கர் நகரின் அருகே கட்டிக்கொண்ட பென்ரின் கோட்டை இன்றும் நிற்கிறது. சிலேட்டுத் தொழிலைப் பற்றிய எந்த விளக்கமும் இந்தப் பணத்திலிருந்து தொடங்குவதே நேர்மை.

குவாரிக்காரர்கள் வெல்ஷ் பேசினார்கள். பெரும்பாலோர் அரசுத் திருச்சபையை விட்டு விலகிய சேப்பல்களைச் சேர்ந்தவர்கள். லிபரல் கட்சிக்கு வாக்களித்தார்கள். நில உடைமையாளர்கள் ஆங்கிலம் பேசினார்கள். ஆங்கிலிக்கன் திருச்சபையையும் கன்சர்வேட்டிவ் கட்சியையும் சார்ந்தவர்கள். வெட்டிய கற்களின் அளவுகளுக்குக்கூடப் பிரபுக் குடும்பத்துப் பெண்களின் பட்டங்களே பெயர்களாயின: 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்டது டச்சஸ், 20க்கு 10 என்றால் கவுண்டஸ், 16க்கு 8 என்றால் லேடி.

பார்கென்: ஒரு மாதத்துக்குச் சொந்தமான பாறை

குவாரியின் முகம் படிப்படியாக வெட்டப்பட்ட மேடைகளாக இருக்கும். ஒரு மேடைக்கு வெல்ஷ் மொழியில் பொங்க் என்று பெயர். டினோர்விக்கின் மேடைகளுள் ஒன்றுக்கு ஆஸ்திரேலியா என்றும், இன்னொன்றுக்குக் கலிபோர்னியா என்றும் பெயர் வைத்திருந்தார்கள். பார்கென் முறை இந்த மேடைகளில் பின்வருமாறு நடந்தது.

1. மேடையின் பாறைமுகம் ஏறத்தாழ ஆறு கஜ அகலமுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டும் ஒரு பார்கென். ஆகவே இந்தச் சொல் பேரத்தை மட்டும் குறிக்காது. பேரம் பேசி எடுத்துக்கொண்ட பாறையையும் அதுவே குறிக்கும்.

2. ஒவ்வொரு பார்கெனையும் ஒரு சிறு குழு எடுத்துக்கொள்ளும். இருவர் கயிற்றைத் தொடையில் சுற்றிக்கொண்டு பாறைமுகத்தில் தொங்கியபடி துளையிட்டு, வெடி வைத்து, கல்லைப் பெயர்ப்பார்கள். மற்றவர்கள் கொட்டகையில் அமர்ந்து அந்தக் கல்லை ஏடுகளாகப் பிளந்து, ஓரம் செதுக்கி, அளவுக்குக் கொண்டுவருவார்கள். குழுவில் பெரும்பாலும் அண்ணன் தம்பிகள், தந்தை மகன்கள், ஒரே சேப்பலுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள்.

3. மாதத்துக்கு ஒரு முறை நிர்வாகத்தின் சார்பில் ஒரு மேலாள் வந்து பாறையைப் பார்ப்பார். சிலேட்டுக்கு ஒரு நிலையான விலைப்பட்டியல் உண்டு. ஆனால் அந்த விலையை மட்டும் நம்பி எந்தக் குழுவும் பிழைக்க முடியாது. எனவே குழு ஈட்டும் ஒவ்வொரு பவுண்டுக்கும் மேலாக இத்தனை ஷில்லிங் என்று ஒரு கூடுதல் தொகை பேசி முடிக்கப்படும். இதற்குப் பவுண்டேஜ் என்று பெயர். பாறை நன்றாக இருந்தால் பவுண்டேஜ் குறையும். விரிசலும் கோணலுமாக இருந்தால் கூடும்.

4. வெடிமருந்து, திரி, கருவிகளைக் கூர்தீட்டும் செலவு ஆகியவை குழுவின் வருமானத்திலிருந்தே கழிக்கப்படும்.

5. கல்லை எண்ணும் முறையும் நிறுவனத்துக்கே சாதகமானது. சிலேட்டு வாணிபத்தில் ஆயிரம் என்றால் 1,200 கற்கள். உடைசலுக்கென்று அதற்கு மேலும் சில கற்கள் சேர்க்கப்படும்.

இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் குவாரிக்காரரின் நிலை சற்று விசித்திரமானது என்பது விளங்கும். அவர் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தவர்தான். ஆயினும் தம்மைக் கூலியாளாக அவர் எண்ணவில்லை. ஒரு மாதத்துக்கு அந்த ஆறு கஜப் பாறை அவருடைய பொறுப்பு. எங்கே துளையிடுவது, எவ்வளவு மருந்து போடுவது, எந்தக் கட்டியை எந்த அளவுக்குப் பிளப்பது என்பவற்றையெல்லாம் அவரே முடிவுசெய்தார். பாறையின் நரம்பைக் கண்ணாலும் விரலாலும் அறியும் திறமை தலைமுறை தலைமுறையாக வெல்ஷ் சொற்களிலேயே கைமாறியது. பாறைக்கு ஆங்கிலம் புரியாது என்று அவர்கள் சொல்வது வழக்கம். பலருக்கு மலையடிவாரத்தில் சிறு நிலமும் இருந்தது. வைக்கோல் அறுக்கும் காலத்தில் வேலையை நிறுத்திவிட்டு அங்கே போய்விடுவார்கள். நேரக் கணக்குப் பார்த்த நிர்வாகிகளுக்கு இது ஒழுங்கீனமாகத் தெரிந்தது. குவாரிக்காரர்களுக்கோ, தம் பார்கெனைத் தாம் விரும்பியபடி நடத்தும் உரிமையாகவே அது தெரிந்தது.

குழுவில் இடம் கிடைக்காத சிறுவர்களுக்கும் இந்த முறைக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ரபேலுர் என்று அழைக்கப்பட்ட சிறுவன் மேடையில் அலைந்து, கை குறைவாக உள்ள குழுவுக்கு உதவுவான். பதிலுக்கு அந்தக் குழு ஒரு கல்துண்டைக் கொடுக்கும். அதைத் தானே பிளந்து, செதுக்கி விற்றுக் காசாக்கிக்கொள்வான். சம்பளமும் பயிற்சியும் அந்த ஒரே கல்துண்டில் அவனுக்குக் கிடைத்தன.

இந்த முறையை நியாயமான ஒன்றாக வர்ணிப்பது தவறாகும். விலை பேசுகிறவர்களில் ஒருவரிடம் குவாரி முழுவதும் இருந்தது. மற்றவரிடம் இருந்தவை கயிறும் உளியும் மட்டுமே. மேலாளுக்கு வேண்டியவர்களுக்கு நல்ல பாறை போகிறது, கையூட்டு கொடுத்தால்தான் பவுண்டேஜ் ஏறுகிறது என்ற புகார்கள் ஓயவே இல்லை. அப்படியிருந்தும் குவாரிக்காரர்கள் பார்கெனை ஒழிக்கக் கோரவில்லை. அதைக் காப்பாற்றவே போராடினார்கள். மாதத்துக்கு ஒரு முறையாவது தம் உழைப்பின் விலையைத் தாமே வாய்திறந்து பேசும் இடம் அது ஒன்றே என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கபன்: மதிய உணவு நேரத்தின் சபை

கபன் என்பது மேடையில் அல்லது சுரங்கத்துக்குள் குவாரிக்காரர்கள் சாப்பிடக் கூடும் கல்குடில். நடுவே அடுப்பு, அதன் மேல் பெரிய தேநீர்க் கலம், சுற்றிலும் பெஞ்சுகள். ஒவ்வொருவருக்கும் தனி இடம் உண்டு. வெறும் உணவு அறையாக இருந்தால் இந்தச் சொல்லை மொழிபெயர்த்துவிட்டுப் போகலாம். ஆனால் கபனுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், விதிகளும் அபராதங்களும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைப் பற்றிய வாதம், அரசியல் விவாதம், செய்தித்தாள் வாசிப்பு, பாட்டு, கவிதைப் போட்டி என ஒவ்வொரு நாளும் ஒரு நிகழ்ச்சி நடக்கும். நோயுற்றவருக்கும் விதவைகளுக்கும் நிதி திரட்டியதும் அங்கேதான்.

பிளைனாய் ஃபெஸ்டினியோக் ஊரில் உள்ள லெக்வெட் சிலேட்டுச் சுரங்கத்தில், ஒரு கபனின் 1902 முதல் 1905 வரையிலான நடவடிக்கைக் குறிப்புகள் எழுதப்பட்டு இன்றுவரை காப்பாற்றப்பட்டிருக்கின்றன. நிறுத்தக் குறிகள் எதுவும் இல்லாத ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்கும் போட்டி போன்றவை கபனில் நடந்தன. ஐஸ்டெத்வொட் எனப்படும் வெல்ஷ் கவிதை, இசைத் திருவிழாவில் நாட்டளவில் நடப்பவற்றை கல்குடிலில் அரைமணி நேரத்துக்குள் சுருக்கி நடத்தினார்கள் என்று சொல்லலாம். பாங்கர் நகரில் 1884ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது குவாரிக்காரர்கள் தம் கூலியிலிருந்து நன்கொடை கொடுத்தார்கள் என்பதை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிற்கால எழுத்துகளில் கபன் ஏழைகளின் பல்கலைக்கழகமாக ஏற்றிப் போற்றப்படுகிறது. அந்தப் புகழ்ச்சியில் சற்று மிகை உண்டு: ஈரத் துணியோடும் சிலேட்டுத் தூசியோடும் உட்கார்ந்திருந்த களைத்த மனிதர்கள் அவர்கள். ஆனாலும் தலைவரைத் தேர்ந்தெடுப்பது, முறைவைத்துப் பேசுவது, பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுவது ஆகியவை பழக்கமானதும் இங்கேதான். சங்கம் அமைத்தபோது அவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவாகவே இருந்தது.

பேரம் உடைந்த விதம்

வட வேல்ஸ் குவாரிக்காரர் சங்கம் 1874இல் உருவானது. பெத்தெஸ்டாவைச் சேர்ந்த டபிள்யூ. ஜே. பாரி அதன் தொடக்ககாலத் தலைவர்களில் முக்கியமானவர். அதே ஆண்டு பென்ரின் குவாரியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த குழு, பார்கென் விலை குறித்த தகராறுகளை நிர்வாகத்திடம் எடுத்துச்செல்லலாம் என்பதே அதன் சாரம். ஆக, மேலாளிடம் தனித்தனியாகப் பேசியவர்களுக்குப் பின்னால் முதன்முறையாக ஒரு கூட்டுக் குரல் நின்றது.

1885இல் குவாரி ஜார்ஜ் ஷோல்டோ டக்ளஸ்-பென்னன்ட்டின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அவர் இரண்டாம் பென்ரின் பிரபுவானார். அவர் அமர்த்திய மேலாளர் ஈ. ஏ. யங் லண்டனிலிருந்து வந்த கணக்காளர். இருவரும் 1874 உடன்படிக்கையைத் தூக்கி எறிந்தார்கள். குவாரி எங்கள் சொத்து, தனித்தனி மனிதருடன் மட்டுமே பேசுவோம், எந்தக் குழுவையும் ஏற்கமாட்டோம் என்பது அவர்கள் நிலைப்பாடு. 1896 செப்டம்பர் முதல் 1897 ஆகஸ்ட் வரை குவாரி மூடிக் கிடந்தது. அந்த மோதலில் தொழிலாளர்கள் தோற்றுத் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு நிர்வாகம் பல பார்கென்களை ஒன்றாகச் சேர்த்துப் பெரிய ஒப்பந்தக்காரர்களிடம் கொடுப்பதை விரிவாக்கியது. இந்தச் சிறு மாற்றத்தின் கனத்தை வெளியில் இருப்பவர்கள் உணர்வது கடினம். ஒப்பந்தக்காரர் எடுத்துக்கொண்ட இடத்தில் வேலை செய்கிறவர் யாருடனும் விலை பேச முடியாது, அவர் நாட்கூலி. நேற்றுவரை தன் பாறையை நிர்வகித்தவர் இன்று இன்னொருவர் சொல்லும் இடத்தில் துளையிட வேண்டும். 1900இல் குவாரிக்குள் சங்கச் சந்தா வசூலிப்பதும் தடைசெய்யப்பட்டது. கூட்டுக் குரலும் தனிப் பேரமும் ஒரே நேரத்தில் பறிபோயின.

அதன் பிறகு நடந்தவை வரிசையாக:

1. 1900 அக்டோபர் 26 அன்று தொழிலாளர்கள் ஒப்பந்தக்காரர் ஒருவரைத் தாக்கிக் குவாரியிலிருந்து விரட்டினார்கள். 26 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

2. நவம்பர் தொடக்கத்தில் அந்த வழக்கு பாங்கர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, தோழர்களுக்கு ஆதரவாகத் தொழிலாளர்கள் திரளாக நடந்து சென்றார்கள். நிர்வாகம் அவர்களை 14 நாள் இடைநீக்கம் செய்தது.

3. நவம்பர் 19 அன்று வேலைக்குத் திரும்பியபோது எட்டு மேடைகளில் உள்ளவர்களுக்குப் பார்கென் கொடுக்கப்படவில்லை. மற்றவர்கள் சில நாள் பொறுத்தார்கள். நவம்பர் 22 அன்று கருவிகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அப்போது அந்தக் குவாரியில் ஏறத்தாழ 2,800 பேர் வேலை செய்தார்கள்.

பார்கென் இல்லாமல் விடப்பட்டவர்களுக்காகப் பார்கென் கிடைத்தவர்கள் வெளியேறியதால் தொடங்கிய போராட்டம் இது. கூலி எவ்வளவு என்பதை மட்டும் பார்த்தால் இதற்கு விளக்கம் கிடைக்காது.

பிராடூர்: வீட்டுச் சன்னலுக்கு வந்த சொல்

1901 ஜூனில் நிர்வாகம் குவாரியைத் திறந்து, வர விரும்புகிறவர்கள் வரலாம் என்றது. ஏறத்தாழ 400 பேர் திரும்பினார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தங்கப் பவுன் பரிசாகக் கிடைத்தது. கூலியும் 5 விழுக்காடு உயர்த்தப்பட்டது. ஊரார் அந்தக் காசுக்கு ‘பின்ட் அ கன்ஃபன்’, அதாவது வாலின் பவுன், என்று பெயர் சூட்டினார்கள். கன்ஃபன் என்றால் வால். அதிகாரத்துக்கு வால்பிடிப்பவர் என்று தமிழில் நாம் சொல்லும் அதே கருத்துத்தான் அங்கும்.

அதே கோடையில் பெத்தெஸ்டாவின் சன்னல்களில் அச்சிட்ட அட்டைகள் தோன்றின. ‘நித் ஓய்ஸ் பிராடூர் அன் அ டி ஹுன்’ என்பது அவற்றில் இருந்த வாசகம்: இந்த வீட்டில் துரோகி இல்லை. இங்கே வீடு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். குவாரிக்குள் பெண்களுக்கு வேலை இல்லை. அங்கே நடந்தது ஆண்களின் தகராறு. அட்டை சன்னலுக்கு வந்ததும் அது குடும்பத்தின் உறுதிமொழியாக மாறியது. அட்டை வைத்த வீட்டைப் போலவே, வைக்காத வீடும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஒருநாள் அட்டை எடுக்கப்பட்டால் அதன் பொருள் தெரு முழுவதற்கும் விளங்கும். கடை, பள்ளி, சேப்பல் எல்லாவற்றிலும் பிளவு இறங்கியது. அமைதி காக்கப் படையினர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். வேலைக்குத் திரும்பியவர்களுக்காகப் பென்ரின் பிரபுவின் பண்ணை சார்பில் ட்ரெகார்த் என்ற ஊரில் வீடுகள் கட்டப்பட்டன. அந்தத் தெருவையும் மக்கள் வால் தெரு என்றே அழைத்தார்கள்.

வெளியேறியவர்களின் குடும்பங்கள் எப்படிப் பிழைத்தன? நிதி திரட்டுவதற்காக மூன்று பாடகர் குழுக்கள் பிரிட்டன் முழுவதும் பயணம் செய்து பாடின. கபனிலும் சேப்பலிலும் பழகிய பாட்டு அந்த ஆண்டுகளில் உணவாயிற்று. ஏராளமான ஆண்கள் தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வேலை தேடிப் போனார்கள். அவர்களில் பலர் திரும்பவே இல்லை. டபிள்யூ. ஜே. பாரி எழுதிய ஒரு கடிதத்துக்காகப் பென்ரின் பிரபு அவதூறு வழக்குத் தொடுத்து, 1903இல் 500 பவுண்டு இழப்பீடு பெற்றார். அந்த ஆண்டு நவம்பரில் வேலைநிறுத்தம் முடிந்தது. எந்தக் கோரிக்கையும் ஏற்கப்படவில்லை. போராட்டத்தில் முன்நின்றவர்கள் பலருக்குக் குவாரியின் கதவு அதன்பின் திறக்கவே இல்லை.

துரோகி என்ற சொல்லின் கடுமை இன்றைய வாசகருக்கு மிகையாகத் தோன்றலாம். 400 பேரும் பேராசையால் போனவர்கள் அல்லர். கடனும் நோயும் குழந்தைகளின் பசியும் சிலரைத் தள்ளியிருக்கும். ஆனால் திரும்பிப் போனவர் எடுத்துக்கொண்டது வெளியே நிற்பவரின் பார்கெனை; முகம் தெரிந்த ஒருவரின், பெரும்பாலும் அதே தெருவில் வசிப்பவரின், ஆறு கஜப் பாறையை. தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தின் முன் ஆள் மாறுவது போன்றது அல்ல அது. அடுத்தவர் உழுத நிலத்தில் அறுவடை செய்வது போன்றது. அதனால்தான் அந்தப் பெயர் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

தூசி

சிலேட்டின் உச்ச உற்பத்தி 1898இல் வந்து போயிருந்தது. வேலைநிறுத்த ஆண்டுகளில் வெளிநாட்டுச் சிலேட்டும் ஓடுகளும் சந்தையைப் பிடித்தன; அதன்பிறகு கட்டுமானத் தொழிலே தளர்ந்தது. குவாரிக்காரர் சங்கம் 1923இல் போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தது. டினோர்விக் 1969இல் மூடப்பட்டது. அதன் பட்டறைகள் 1972 முதல் சிலேட்டு அருங்காட்சியகமாக இருக்கின்றன. பென்ரின் குவாரியில் இன்றும் கல் வெட்டுகிறார்கள்.

பார்கென் முறையின் ஒரு விளைவு குவாரிகள் மூடிய பிறகும் தொடர்ந்தது. உலர்ந்த பாறையைத் துளைக்கும்போதும் பிளக்கும்போதும் எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து இறுகும். சிலிகோசிஸ் என்பது அந்த நோய். குவாரி மருத்துவர்கள் சிலர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தூசியால் தீங்கில்லை, கபனில் மணிக்கணக்காகக் கொதித்துக் கடுத்த தேநீரே இவர்களுடைய உடல்நலக் கேட்டுக்குக் காரணம் என்று வாதிட்டார்கள். குழுவின் வருமானம் கல்லின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், தூசி அடங்கும்வரை காத்திருக்க யாருக்கும் நேரம் இல்லை. நோய் முற்றி மூச்சுவிட முடியாமல் வீட்டில் அமர்ந்தவர்கள் இழப்பீடு கேட்கப் போனபோது, வழக்குத் தொடுக்க நிறுவனமே இல்லாமல் போயிருந்தது. குவாரி ஊர்களும் அவர்களுடைய சங்கமும் நெடுங்காலம் போராடிய பிறகு, முதலாளி தொழிலை மூடிவிட்ட நிலையிலும் அரசே இழப்பீடு வழங்க வழிசெய்யும் சட்டம் 1979இல் நிறைவேறியது. டினோர்விக் மூடி அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.